புதுப்பிப்பு: கூட்டணி மாறிய பிறகு கடைமடை ஊர்களில் ஓட்டுக் கேட்பது

போன தேர்தலில் எதிரணியில் நின்றவர்களோடு சேர்ந்து இப்போது ஓட்டுக் கேட்கிறோம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை (வாய்க்காலின் கடைசிப் பாசனப் பகுதி) ஊர்களில் பல வீடுகளில் முகம் கொடுத்தே பேசவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, “கட்சியை விடுங்கள், அரசு நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றிக் கேளுங்கள்” என்ற யோசனைதான். வயல் வேலை முடிந்து சாயங்காலம் போனோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று நெல்லைத் திருப்புவது, சாக்கு வராமல் குவியல் மழையில் நனைவது, ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாவது என்று கொட்டித் தீர்த்தார்கள். எல்லாவற்றையும் எழுதி வேட்பாளரிடம் கொடுத்தோம். அடுத்த கூட்டத்தில் அவர் அதைத்தான் பேசினார். அப்புறம்தான் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள்.

எதிர்பாராதது ஒன்று: மகளிர் குழுப் பெண்கள் வீட்டு ஆண்களைக் கேட்காமல் தனியாக முடிவெடுக்கிறார்கள். தெருப் பெரியவரைப் பார்த்தால் போதும் என்ற பழைய கணக்கு இனி செல்லாது. எனக்கு இது மனதார மகிழ்ச்சி.

வாக்காளர் பட்டியல் பற்றிக் கேட்டவர்களுக்கு: வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8, புதிய வாக்காளருக்குப் படிவம் 6. 85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப்போடப் படிவம் 12டி. அதைத் தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.