அம்மாவின் டிரங்குப் பெட்டி: எது எந்த இழை, எப்படித் துவைப்பது?

செவ்வந்தி, திருச்சி:

அம்மா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் முதலாண்டுத் திதி. அன்று அம்மாவின் சேலைகளில் ஆளுக்கொன்று உடுத்திக்கொள்வது என்று அக்காவும் நானும் பேசிவைத்திருந்தோம். அதற்காகப் பெட்டியைத் திறந்தபோதுதான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

என் கல்யாணத்துக்காக 1991இல் காஞ்சிபுரம் போனபோது அம்மா தனக்கென்று எடுத்துக்கொண்ட அரக்குநிறப் பட்டு. பூஞ்சை வாடை அடித்தது. வாஷிங் மெஷினில் மென்துணிகளுக்கான சுற்றில் வைத்து, வழக்கமான சலவைத்தூளையே போட்டுவிட்டேன். தண்ணீர் சூடாகக்கூட இல்லை. வெளியே எடுத்தபோது ஜரிகை அப்படியே இருந்தது. சேலையின் உடல்தான் வேறாகிவிட்டது. பளபளப்பு போய், சாம்பல் பூத்ததுபோல் வெளிறி, தடவினால் கையில் பிசிறு தட்டுகிறது. மடிப்பு விழுந்த இடங்களில் இழை விலகி, அடியில் வைத்த விரல் தெரிகிறது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெட்டியில் இன்னும் ஐந்து துணிகள் இருக்கின்றன. அவற்றையாவது காப்பாற்றியாக வேண்டும். எதிலும் சீட்டு கிடையாது. கத்தரிப்பூ நிறத்தில் அம்மாவின் கல்யாணச் சேலை, 1968இல் நிலக்கோட்டையில் தாத்தா எடுத்துக் கொடுத்தது. அதைக் கடைசிவரை ‘என் பட்டு’ என்றேதான் அம்மா சொல்வார். பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட மதுரைச் சுங்குடி. வெளிர்மஞ்சளில் ஒரு மெல்லிய சேலை, பட்டா பருத்தியா என்று எனக்குப் பிடிபடவில்லை. பூப்போட்ட நைலக்ஸ். கொடைக்கானலில் வாங்கிய பழுப்புக் கம்பளிச் சால்வை, அதில் நாலைந்து ஓட்டைகள்.

அரக்குப் பட்டுக்கு நடந்தது என்ன, அதைத் திருப்ப முடியுமா? மற்றவை என்ன இழை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்வேல், ஈரோடு:

எதையும் இனி வீட்டில் துவைக்காதீர்கள் அக்கா. எல்லாவற்றையும் டிரைகிளீனிங் கொடுத்துவிடுங்கள். காசு போனாலும் சேலை மிஞ்சும். பெட்டியில் நாலு அந்துருண்டை போட்டு வையுங்கள், பூச்சி அண்டாது.

பஞ்சுக்காரர், கோயம்புத்தூர்:

அம்மணி, இங்கே ஒரு நூற்பாலையின் ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைக்காரர் சொல்லும் பெயர் ஒன்றாகவும், துணியில் இருக்கும் இழை வேறொன்றாகவும் இருப்பதை அங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் பெயரை நம்பித் துவைக்காதீர்கள். இழையைத் தெரிந்துகொண்டு துவையுங்கள்.

முதலில் அரக்குப் பட்டு. பட்டு என்பது புழு நூற்ற புரதம். நம் தலைமுடியும் ஆட்டு ரோமமும் புரதம்தான். உங்கள் வீட்டுச் சலவைத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் ‘என்சைம்’ என்று இருக்கும். குழந்தை கக்கிய பால், முட்டை, இரத்தம் ஆகிய புரதக் கறைகளை அரிப்பதற்காகச் சேர்ப்பது அது. பட்டையும் அது அப்படியே அரிக்கும். கூடவே தூளில் உள்ள சோடாவின் காரம். இரண்டும் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஊறவும் உரசவும் விட்டால், இழையின் மேல்தோல் உரிந்து பிசிறு கிளம்பிவிடும். நீங்கள் பார்க்கும் ‘சாம்பல்’ அந்தப் பிசிறுதான். சாயம் போனதாக நினைக்க வேண்டாம்.

‘சாயப்பட்டறையில் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கத்தானே செய்கிறார்கள்’ என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்ற பசை இருக்கிறது, எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதைக் கழற்றத்தான் அந்த வேகவைப்பு. காரம் முதலில் பசையைத்தான் கரைக்கும். ஆள் பக்கத்திலேயே நின்று பதம் பார்த்து எடுத்துவிடுவார். உங்கள் சேலை நெய்யப்படும் முன்பே அதன் பசை போய்விட்டது. காரம் நேராக இழையின் மேல் விழுந்தது. நம் பாட்டிமார் பட்டுக்குப் பூந்திக்கொட்டை போட்டதன் காரணமும் இதுதான்: அது நுரைக்கும், அழுக்கை எடுக்கும், ஆனால் சோப்பைப்போலக் காரம் கிடையாது.

போன மெருகு திரும்பாது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, மன்னியுங்கள். பாலிஷ் போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். நொந்த இழை அந்த இழுப்பையும் சூட்டையும் தாங்காது. செய்யக்கூடியது இரண்டு. இழை விலகிய இடங்களுக்கு அடியில் அதே நிறத்தில் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைக்கக் கொடுங்கள். இன்னொன்று, மிச்சக் காரத்தை எடுப்பது: ஒரு வாளி பச்சைத்தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி வெள்ளை வினிகர், இரண்டு நிமிடம், பிறகு வெறும் தண்ணீரில் அலசல். பட்டறையிலும் சாயமேற்றிய பட்டைக் கடைசியில் மெல்லிய அமில நீரில் முக்கி எடுப்பதுண்டு; புதுப்பட்டு உடுத்தும்போது கேட்குமே ஒரு சரசரப்பு, அது அந்த முக்கலில் வருவது. ஆனால் ஜரிகை வெள்ளியா செம்பா என்று தெரியாமல் வினிகரைத் தொடாதீர்கள். செம்பு என்றால் கெட்டுவிடும்.

இப்போது சோதனை. மெழுகுவத்தி, இடுக்கி, ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மின்விசிறியை அணைத்துவிடுங்கள். முந்தானை ஓரத்திலிருந்து நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று, விரல் நீளம் போதும். இரண்டையும் தனித்தனியே கொளுத்திப் பாருங்கள். இதை ஒருபோதும் கலக்காதீர்கள், காரணம் பிறகு புரியும்.

முடி கருகும் நாற்றம் வந்து, தீயை விலக்கியதும் தானே அணைந்து, மிச்சக் கரி விரலில் பொடிந்தால் பட்டு அல்லது கம்பளி. காகிதம் எரியும் வாடையோடு, தீயை எடுத்த பிறகும் கங்கு ஓடி, ஊதினால் பறக்கும் சாம்பல் மிஞ்சினால் பருத்தி. தீ தொடுமுன்பே நூல் சுருண்டு பின்வாங்கி, உருகி, ஆறியதும் நசுங்காத மணியாக நின்றால் நைலான் அல்லது பாலியெஸ்டர். ஜரிகை நூலைக் கொளுத்தினால், அசலில் உள்ளே இருக்கும் பட்டு கருகிப்போய்க் கம்பிச் சுருள் மட்டும் நிற்கும். அதைக் கல்லில் உரசினால் வெள்ளியின் வெண்மையோ செம்பின் சிவப்போ தெரியும். பிளாஸ்டிக் ஜரிகை மொத்தமாக உருகிவிடும்.

காகித வாடை வந்தும் நூல் பட்டுபோல மின்னினால், இன்னொரு நூலை எடுத்து நடுவில் மட்டும் எச்சில் தொட்டு ஈரப்படுத்தி இரு முனைகளையும் இழுங்கள். சரியாக ஈரத்தில் அறுந்தால் எனக்கு எழுதுங்கள்.

தம்பி கதிர்வேல், பட்டுக்கு நீங்கள் சொன்னது சரி. சுங்குடிக்கு டிரைகிளீனிங் தேவையில்லை. அந்துருண்டை வாடை சேலையை விட்டு எளிதில் போகாது. ஜரிகைச் சேலையை ரப்பர் பேண்டு போட்டும் வைக்கக் கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம்தான்.

செவ்வந்தி, திருச்சி:

ஐயா, நீங்கள் சொன்னபடி நேற்று மாலை அக்காவை வரவழைத்து இருவருமாகச் செய்தோம்.

அரக்குப் பட்டின் இரு நூல்களிலும் முடி நாற்றம். ஜரிகையில் கம்பிச் சுருள் நின்றது, உரசினால் வெள்ளையாக இருக்கிறது. சுங்குடி காகிதம்போல எரிந்து, சாம்பல் தட்டில் நிற்காமல் பறந்தது. நைலக்ஸ் உருகி மிளகு அளவு மணியானது. வெளிர்மஞ்சள் சேலைதான் எங்களைக் குழப்பியது: நீளவாட்டு நூலில் காகித வாடை, குறுக்கு நூலில் முடி நாற்றம். மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படியே.

கத்தரிப்பூச் சேலையை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். காகித வாடை வந்தது. அக்கா பேசவில்லை. பிறகு நீங்கள் சொன்னபடி நடுவில் ஈரப்படுத்தி இழுத்தேன். காய்ந்த பகுதி விறைப்பாக நிற்க, ஈரம் பட்ட இடம் மட்டும் நீண்டு, சத்தமே இல்லாமல் அறுந்தது. அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் காலையில் அரை மணி நேரமாவது உடுத்திய சேலை ஐயா. அது பட்டு இல்லையா?

மல்லிகா, தஞ்சாவூர்:

செவ்வந்தி, நான் தீக்காயப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாக இருந்தவள். நைலக்ஸ் மணி ஆனதைப் பார்த்தீர்கள் அல்லவா? உடம்பில் இருக்கும்போதும் அது அப்படித்தான் உருகித் தோலில் ஒட்டும். தயவுசெய்து அதை உடுத்தி அடுப்புப் பக்கம் போகாதீர்கள், குத்துவிளக்குப் பக்கமும் போகாதீர்கள். பருத்தி ஒன்றும் தீக்கு அடங்கியதல்ல, அதுவும் மளமளவென்று பற்றும். ஆனால் உருகி ஒட்டாது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியை நான் இன்னும் அதிகமாகப் பயப்படுவேன். பருத்தி திரிபோல நின்று எரிய, உருகிய பாலியெஸ்டர் எண்ணெய்போல அதில் ஊறி எரியும். திதி அன்று சமையல், விளக்கு எல்லாம் இருக்கும், அதனால் சொல்கிறேன்.

பஞ்சுக்காரர், கோயம்புத்தூர்:

அம்மணி, மஞ்சள் சேலையிலிருந்து தொடங்குகிறேன். பாவு பருத்தி, ஊடை பட்டு. எங்கள் ஊர்ப்பக்கம் சிறுமுகையில் நெய்யும் கோரா காட்டனாக இருக்கலாம். பாதி பட்டு என்றாலும் முழுப் பட்டுக்கு உரிய மரியாதையோடு துவையுங்கள்: பூந்திக்கொட்டை நீர், பச்சைத்தண்ணீர், முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தல். அரக்குப் பட்டின் ஜரிகை வெள்ளி என்பதால் வினிகர் அலசலைச் செய்யலாம்.

சுங்குடியைப் பற்றிக் கவலையே வேண்டாம். பருத்தி நனைந்தால் பலம் கூடும் இழை. நம் துவைகல்லை அதனால்தான் அது இத்தனை காலம் தாங்கியது. சாயம் விடலாம், ஆகவே தனியாக அலசுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிரந்தரமாகக் கட்டும் என்பதை நம்ப வேண்டாம். எடுத்து வைக்கும்போது கஞ்சி இல்லாமல் வையுங்கள், கஞ்சிக்குத்தான் இராமபாணப் பூச்சி வரும். சால்வையில் ஓட்டை போட்டது அந்துப்பூச்சியின் புழு. நன்றாக உதறித் தூரிகையால் தேய்த்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப்போகாமல் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். வெந்நீரில் கசக்கினால் சிக்குண்டு சுருங்கிவிடும்.

இப்போது கல்யாணச் சேலை. அது விஸ்கோஸ், அதாவது செயற்கைப் பட்டு. மரக்கூழைக் கரைத்து நீள இழையாக இழுப்பது. 1892இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை. அடிப்படையில் பருத்தியின் அதே செல்லுலோஸ்தான், காகித வாடை அதனால்தான். நிலக்கோட்டைக்குப் பக்கத்துச் சின்னாளபட்டியில் அந்த நாளில் இந்த நூலில்தான் சேலை நெய்தார்கள், அதையும் பட்டு என்றுதான் சொன்னார்கள். உங்கள் தாத்தா ஏமாந்தும் இருக்க மாட்டார், ஏமாற்றியும் இருக்க மாட்டார். பட்டுக்குக் கைக்காசு எட்டாத எத்தனையோ வீடுகளில் மணப்பெண்கள் அந்தச் சேலையில்தான் மணையில் உட்கார்ந்தார்கள்.

இதற்குப் பயப்பட வேண்டியது ஒன்றுதான், தண்ணீர். விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கும். உங்கள் கையில் அறுந்த நூலே சாட்சி. காய்ந்ததும் பலம் திரும்பிவிடும். ஆகவே நனைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பழைய வேட்டியின் மேல் சேலையை விரித்து, வேட்டியோடு சேர்த்தே தொட்டியில் இறக்குங்கள். தூக்கும்போதும் வேட்டியைத்தான் தூக்க வேண்டும், சேலையை அல்ல. கொடியில் ஈரத்தோடு போட்டால் தன் எடையிலேயே கிழியும். தரையில் விரித்துக் காயவையுங்கள். இந்தத் திதிக்கு நனைக்காமல் காற்றாட வைத்து உடுத்துவதே நல்லது. பிறகு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

செவ்வந்தி, திருச்சி:

மிக்க நன்றி ஐயா, மல்லிகா அம்மாவுக்கும் கதிர்வேல் தம்பிக்கும் நன்றி. உங்கள் பதிலை அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தாத்தா அந்த வருடம் மாட்டை விற்றுத்தான் கல்யாணம் செய்தார் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது, அம்மா சொல்லியிருக்கிறார்.

கத்தரிப்பூச் சேலை இப்போது மாடி அறையில் வேட்டியின் மேல் விரித்துக் கிடக்கிறது, ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறேன். பூஞ்சை வாடை பாதி போய்விட்டது. திதி அன்று அதை அக்கா உடுத்திக்கொள்கிறாள். சமையல் என் பொறுப்பு, நான் சுங்குடி. அரக்குப் பட்டை வலைத்துணி வைத்துத் தைக்கக் கொடுத்துவிட்டேன், தையல்காரர் பதினைந்து நாள் கேட்டிருக்கிறார்.