மறு: ‘கைவினை பீர்’ சரிதானா? ஊரடு, தவறணை குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சாதாரணமாகக் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதாமல் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையில் இப்போதுதான் நுழைகிறவர்களுக்காக: நான் எழுதிக்கொண்டிருக்கும் பயணக் கட்டுரை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து நியூ கிளாரஸ் பற்றியது. 1845-இல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியிலிருந்து வந்தவர்கள் அமைத்த ஊர். இன்றைக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். அங்கே ஒரு சனிக்கிழமை மாலை, பழைய மரக்கதவு போட்ட கடையொன்றில் பர்கரும் பீரும் சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததும் இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டேன். அங்கே ‘டாவெர்ன்’ என்று அழைக்கும் அந்தக் கடையை என்னவென்று சொல்வது? ‘கிராஃப்ட் பீர்’ என்று அழைக்கும் அந்த பீரை என்னவென்று சொல்வது?

> டாவெர்னுக்கு ‘மதுக்கூடம்’ போதுமே. இதில் என்ன சிக்கல்?

ஐயா, அகராதிக்குப் போதும், கட்டுரைக்குப் போதாது. மதுக்கூடம் என்று எழுதினால் நம் வாசகர் கண்முன் வருவது டாஸ்மாக் பார்தான்: பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஈரத் தரை. அங்கே பாட்டியை எப்படி உட்கார வைப்பது? விஸ்கான்சினில் பெற்றோர் உடனிருந்து கடைக்காரரும் சம்மதித்தால் பிள்ளைகளுக்கே பீர் ஊற்றலாம், சட்டம் தடுக்காது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அங்கே டாவெர்ன் என்பது குடும்பம் போகிற இடம் என்பதற்காகச் சொல்கிறேன்.

‘சத்திரம்’ என்றால் திண்ணையும் சோறும் வந்துவிடுகின்றன, பீர் வரவில்லை. ‘சலூன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்காவிலேயே அந்தச் சொல் கெட்ட பெயர் எடுத்தது. 1933-இல் மதுவிலக்கு முடிந்து கடைகள் திறந்தபோது, பல மாநிலங்கள் சலூன் என்ற பெயரையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு டாவெர்னைப் பிடித்துக்கொண்டன. நமக்கோ சலூன் என்றால் முடிவெட்டும் இடம்.

> எங்கட பக்கம் ‘தவறணை’ எண்டு சொல்லுவம். கள்ளுத் தவறணை.

அக்கா, இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். சொல் நம்மிடமே இருந்திருக்கிறது. ஐரோப்பியர் வழியாக யாழ்ப்பாணத்துக்கு வந்து, தமிழ் ஓசைக்கு வளைந்து, பேச்சில் ஊறிப்போன சொல். டாவெர்னும் தவறணையும் ஒரே வேர்தான். லத்தீனில் தபெர்னா என்றால் வெறும் கடை. நாம் கள்ளுக்கடை என்பதுபோல அவர்களும் கடை என்றே தொடங்கியிருக்கிறார்கள். தவறணையில் கள்ளோடு கடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும், ஊர்க்கதை இருக்கும், தெரிந்த முகங்கள் இருக்கும். நியூ கிளாரஸ் கடையிலும் அதேதான். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் யாழ்ப்பாணத் தவறணைக்கு வர மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு இது பாரம் ஏறாத புதுச் சொல், முதல் பத்தியிலேயே பாட்டியைக் காட்டிவிட்டால் பழகிவிடும். என்னைப் பொறுத்தவரை இது முடிந்தது.

இனி பீர். இதுதான் எனக்கு உண்மையான தலைவலி.

> ‘கைவினை பீர்’ ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்துவிட்டது. மாற்ற வேண்டாம்.

வந்துவிட்டது என்பதற்காக விட்டுவிட வேண்டுமா? கைவினை என்றதும் பத்தமடைப் பாயும் பூம்புகார் கடையும்தான் நினைவுக்கு வருகின்றன. நியூ கிளாரஸில் குன்றின்மேல் இருக்கும் பீர் ஆலைக்குப் போய்ப் பாருங்கள். ஆளுயரத்துக்கு மேல் எஃகுத் தொட்டிகள், குழாய்கள், அளவுமானிகள். கையால் செய்வது என்று சொல்ல முடியாது.

அமெரிக்க பீர்த் தொழிலில் ‘கிராஃப்ட்’ என்பது கையைப் பற்றியதே அல்ல, உடைமையைப் பற்றியது. புரூவர்ஸ் அசோசியேஷன் என்ற பீர் ஆலைகள் சங்கம் வைத்திருக்கும் வரையறையில் கிராஃப்ட் ஆலை ‘சிறியதாக’ இருக்க வேண்டும், அதாவது ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்க்கு மேல் போகக்கூடாது. கிராஃப்ட் அல்லாத மது நிறுவனம் எதற்கும் அந்த ஆலையில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு இருக்கக்கூடாது. அவர்கள் பீப்பாய் ஏறக்குறைய 117 லிட்டர். பெருக்கிப் பாருங்கள், 70 கோடி லிட்டர் வருகிறது. அதற்குப் பெயர் ‘சிறியது’! சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பீர் ஆலையை 2011-இல் பட்வைசர் தயாரிக்கும் ஆன்ஹைசர்-புஷ் வாங்கியது. பீர் எப்படிச் செய்தாலும் சரி, உடைமை பெரிய நிறுவனத்திடம் என்பதால் சங்கத்தின் கணக்கில் அது கிராஃப்ட் இல்லை. கைவினை என்று மொழிபெயர்த்தால் இந்த வேடிக்கை எதுவும் தெரியாது. சொல்லைப் பெயர்க்கிறோம், பொருள் அங்கேயே நின்றுவிடுகிறது.

> ‘சிற்றாலை பீர்’ என்று வைத்தால்?

தொழில் வகையைக் குறிக்க இது நன்றாக இருக்கிறது. வணிகப் பக்கச் செய்திகளுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் தவறணை மேசையில் உட்கார்ந்து “ஒரு சிற்றாலை பீர்” என்றால் சிமெண்டு வாங்கப் போன மாதிரி இருக்கிறது.

‘வடி’ என்ற சொல்லைச் சேர்த்துப் பெயர் சொன்னவர்களுக்கு: வடிப்பது சாராயம். ஆவியாக்கிக் குளிர்வித்து எடுப்பது அது. பீரில் அந்த வேலையே கிடையாது. ‘காய்ச்சு’ பொருத்தம்தான், ஆனால் நம் ஊரில் காய்ச்சுவது என்றால் போலீஸ் வந்துவிடும்.

முளைகட்டிய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஆக, அடுப்பில் ஏறும் பொருள். அடுதல், அதாவது சமைத்தல்! பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்ளின் தோப்பி’ வருகிறதே, வீட்டிலேயே நெல்லைக் கொண்டு அட்ட கள். இல்லத்தில் அட்டது இல்லடு என்றால் ஊரில் அட்டது ஊரடு. ஊரடு பீர். வீட்டில் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு ‘இல்லடு பீர்’ அப்படியே கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் அதற்கான கூட்டாட்சித் தடை 1978-இல் கையெழுத்தான சட்டத்தால்தான் நீங்கியது, இந்தச் சிற்றாலைகள் பலவற்றின் தொடக்கமே அந்த அடுக்களைகள்தான்.

நியூ கிளாரஸுக்கு ஊரடு கச்சிதம். டெபோரா கேரியும் கணவர் டானும் 1993-இல் தொடங்கிய ஆலை. 2002-இலிருந்து விஸ்கான்சினுக்கு வெளியே ஒரு புட்டி விற்பதில்லை. ‘புள்ளிப் பசு’ என்ற அவர்கள் பீர் வேண்டுமென்றால் மாநில எல்லையைத் தாண்டி உள்ளே வரத்தான் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன், “ஊரடங்கா?” என்றாள். அச்சில் ‘ஊராடு’ என்று பிழை வந்தால் பீர் பிரியாணி ஆகிவிடும். ‘அடு’ யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். அடுப்பு தெரியும், அடுக்களை தெரியும், ‘அட்டாலும் பால் சுவையிற் குன்றாது’ பள்ளியில் படித்தது. அது போதும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு சின்னச் சங்கதி. பர்கரோடு பொரித்துத் தரும் சீஸ் கர்டை ‘தயிர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அது சீஸ் ஆவதற்காகப் பால் திரண்ட துண்டு. புதிதாக இருந்தால் கடிக்கும்போது கீச்சென்று சத்தம் போடும். ‘திரட்டு’ என்று வைக்கலாம் என்றால் திரட்டுப்பால்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘சீஸ் திரள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

பர்கர் பர்கராகவே இருக்கட்டும். ‘இடைவைப்பு ரொட்டி’ என்று பரிந்துரைத்தவர் அதைச் சத்தமாகச் சொல்லி ஒரு கடையில் வாங்கிக் காட்டினால் அடுத்த மடலில் மாற்றிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். ஊரடு மேல் மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள்.