மறுமொழி: மடிகத்தியா, மடக்குக் கத்தியா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

தக்கலை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கல்லூரி இயற்கை மன்றத்துக்குக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். முகாமுக்குப் போகும் பிள்ளைகள் என்ன எடுத்துப் போக வேண்டும், எதை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் பொருள். கயிறு, டார்ச், முதலுதவி எல்லாம் முடிந்தது. 'ஃபோல்டிங் நைஃப்' அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

இப்போதைக்கு 'மடிகத்தி' என்று போட்டிருக்கிறேன். பிளேடுக்கு அலகு, லாக்குக்குப் பூட்டு. மூன்றுமே மனதுக்கு ஒட்டவில்லை. பூட்டுதான் முக்கியம். கத்தி மடங்கும் என்பது பார்த்தாலே தெரியும். விரித்த பிறகு அது தானாக மடங்கி விரலை நறுக்காமல் எது தடுக்கிறது என்பதைத்தான் அத்தியாயம் முழுக்கச் சொல்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

இரணியல் அண்ணாச்சி எழுதியது:

டீச்சர், மடிகத்தி வேண்டாம். மடிதல் என்றால் சாதல். மடி என்றால் சோம்பல், வள்ளுவர் அதற்கென்று மடியின்மை என ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். காட்டுக்குப் போகிற பிள்ளை கையில் சாகிற கத்தியையோ சோம்பேறிக் கத்தியையோ கொடுக்கலாமா? 'ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல் ஆற்றின்' என்ற குறளை நினைத்துப் பாருங்கள். ஆமை தன் உறுப்பை ஓட்டுக்குள் அடக்குவதுபோல இந்தக் கத்தி தன் அலகைப் பிடிக்குள் அடக்குகிறது. ஆகவே 'அடங்குவாள்'. தனித்தமிழ், மடிகத்தியைவிட ஓர் எழுத்துதான் கூடுதல்.

தக்கலை டீச்சர் எழுதியது:

> ஆகவே 'அடங்குவாள்'.

அண்ணாச்சி, 'அடங்குவாள் வாங்குவது எப்படி' என்று தலைப்பு வைத்தால் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். பிள்ளைகள் புது சீரியல் என்று நினைப்பார்கள்.

முட்டம் அண்ணன் எழுதியது:

அதோடு நம்ம குமரி மாவட்டத்தில் ஆசாரிமாரிடம் வாள் என்றால் ரம்பம். பலகை அறுக்கிற சாமானைக் கொண்டு வந்து கையில் தருவார்கள். வாளை விட்டுவிடுங்கள்.

கடலில் நாங்கள் பட்டது ஒன்றைச் சொல்கிறேன், சொல்லுக்கு உதவுமா தெரியாது. விசைப்படகில் புரோப்பல்லரில் நைலான் வலை சுற்றிக்கொண்டால் அறுத்தெடுக்கக் கத்தி வேண்டும். எங்களில் ஒருவன் பளபளவென்று ஒரு மடக்குக் கத்தி வாங்கி வந்தான். கொஞ்ச நாளில் அலகு சுழலுகிற ஆணியில் உப்புப் பூத்து இறுகிவிட்டது. ஈரக் கையால் நகம் வைத்துத் திறக்கிற பள்ளத்தில் நகம் நிற்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தான். அறுக்கிற நேரம் வலை இழுத்த இழுப்பில் அலகு திரும்பி மடங்கி, ஆட்காட்டி விரல் நடுக்கணுவில் இறங்கிவிட்டது. முதுகில் ஒரு வில் மட்டும்தான் அதற்கு, நிறுத்துகிற தாழ் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு படகில் மடங்காத கத்திதான், உறையோடு.

ஆக டீச்சர் சொன்னதுதான் சரி. பேர் எதுவானாலும், பூட்டு உண்டா இல்லையா என்பது பேரிலேயே தெரிய வேண்டும்.

நாகர்கோவில் ஐயா எழுதியது:

முட்டத்துக்காரர் போகிற போக்கில் 'தாழ்' என்று எழுதிவிட்டார். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

முதலில் ஒற்று. 'மடிகத்தி' என்று ஒற்று மிகாமல் எழுதினால் வினைத்தொகை, ஊறுகாய் போல. மடிந்த, மடிகிற, மடியும் கத்தி. 'மடிக்கத்தி' என்று ஒற்று மிகுந்தால் மடியில் வைத்த கத்தி. வேட்டி மடிப்பில் செருகியது, அதாவது பாக்கெட் நைஃப். ஒரு 'க்' வந்தால் வைக்கும் இடம், வராவிட்டால் செய்யும் தொழில். இவ்வளவு அழகான இரட்டை வேறு மொழியில் கிடைக்காது. ஆனால் அச்சுக்கோப்பவர் அந்த ஒற்றைத் தன் விருப்பப்படி போடுவார், எடுப்பார். ஆகவே அழகு இருந்தும் பயனில்லை.

மடக்குக்கு வருவோம். ஏட்டில் எழுதிய காலத்தில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்பவற்றோடு மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. பிடிக்குள் மடங்குவது. ஒரு முனையில் எழுத ஆணி, மறு முனையில் ஓலை நறுக்கக் கத்தி என்று செய்ததும் உண்டு. சுவிட்சர்லாந்தில் எல்செனர், இன்று சுவிஸ் ஆர்மி கத்தி என்கிறோமே, அந்த அதிகாரிக் கத்தியைப் பதிவு செய்தது 1897-இல். அதற்கெல்லாம் முன்பே நம் கணக்கப்பிள்ளைகள் இடுப்பில் மடக்குக் கருவி செருகித் திரிந்தார்கள். பெயர் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. மடக்குக் கத்தி என்பதே நம்முடையது.

இன்னொன்று. நம் பக்கம் வெட்டுகத்தி என்கிறோம், 'வெட்டுக் கத்தி' என்பதில்லை. படிக்காத பாட்டியும் வினைத்தொகையைப் பிசகாமல் சொல்கிறாள். அந்த வழியில் 'மடக்குகத்தி' என்றும் ஒற்றில்லாமல் எழுத இடமுண்டு. (மடக்கு என்பது யமகத்துக்கும் பெயர். ஒரே சொல் மடங்கி மடங்கி வந்து வேறு வேறு பொருள் தருவது. இந்த இழையும் அப்படித்தான் போகிறது.)

குலசேகரம் தம்பி எழுதியது:

ஐயா, எங்கள் வீட்டில் பாட்டி வெட்டுகத்தி மட்டுமா சொல்வாள்? சின்னக் கத்திக்குப் பிச்சாத்தி என்பாள். கல்குளம், விளவங்கோடு பக்கம் யாரைக் கேட்டாலும் இதுதான். 'மடக்குப் பிச்சாத்தி' என்று போடுங்கள். படிக்கிற பிள்ளைகள் பாதிப் பேர் இந்தப் பக்கம்தானே.

இரணியல் அண்ணாச்சி எழுதியது:

பிச்சாத்தி மலையாளம்.

குலசேகரம் தம்பி எழுதியது:

1956 நவம்பர் 1 வரை இரணியலும் திருவிதாங்கூர்-கொச்சிதான், அண்ணாச்சி. அதற்காக நீங்கள் பேசியதெல்லாம் மலையாளம் ஆகிவிடுமா?

நாகர்கோவில் ஐயா எழுதியது:

மலையாளத்தில் பிச்சாங்கத்தி என்றும் ஒரு வடிவம் உண்டு. கத்தி வெளிப்படையாகவே உள்ளே கிடக்கிறது. முன்பாதியைப் பிய்த்தலோடு சேர்க்கலாமா, பிஞ்சோடு சேர்க்கலாமா என்று எனக்கு ஓர் ஆசை. பிஞ்சுக் கத்தி, அதாவது சிறு கத்தி, பிச்சாங்கத்தி ஆகியிருந்தால்? சான்று கேட்காதீர்கள்.

பேனாக்கத்தியை யாரும் சொல்லவில்லையே. இறகை எழுதுகோலாகச் சீவிய கத்திதான் முதலில் பென்நைஃப். நாம் அதைப் பாதி எழுத்துப்பெயர்த்து, பாதி மொழிபெயர்த்தோம். பிறகு இறகும் போய், பேனாவும் போய்க்கொண்டிருக்கிறது. கத்தி மட்டும் மிச்சம்.

தோஹாவிலிருந்து மார்த்தாண்டத்துக்காரர் எழுதியது:

டீச்சர், சொல்லை நீங்கள் பாருங்கள், நான் பொருளைச் சொல்கிறேன். வகை தெரியாமல் பேர் வைத்தால் பின்னால் இடிக்கும்.

ஒன்று, தாழே இல்லாதது. முதுகில் ஒரு வில் அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். சிவப்பு விக்டோரினாக்ஸ் சுவிஸ் கத்தியில் 91 மில்லிமீட்டர் அளவில் வருகிறவை இந்த ரகம். பழம் நறுக்க, நூல் அறுக்க அருமை. முனையால் குத்தித் துளை போடப் போனால் திரும்பி வரும். முட்டம் அண்ணன் சொன்னதும் இதுதான்.

அப்புறம் ஒப்பினெல். பிரான்சில் சவோய் பக்கம் 1890 முதல் செய்கிறார்கள். மரப்பிடி, கழுத்தில் ஒரு இரும்பு வளையம். அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் மடங்காது. அந்த வளையம் வந்தது 1955-இல். 8-ஆம் எண் வாங்கினால் அலகு 8.5 சென்டிமீட்டர், முகாமுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. ஆனால் மரப்பிடி மழையில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, பிடியின் முதுகில் நெம்பு இருக்கும், அதை அழுத்தினால்தான் மடங்கும். நான்காவது, பிடிக்குள் இருக்கிற உள்தகடு வளைந்து அலகின் அடியில் வந்து முட்டுக்கொடுக்கும். இப்போது ஆன்லைனில் வருவதில் பெரும்பாலும் இதுதான். இதில் ஒரு சங்கடம்: மடக்கும்போது கட்டைவிரலை அலகு வருகிற வழியில் வைத்துத்தான் தகட்டைத் தள்ள வேண்டும். கொஞ்சம் மடங்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும். இதைப் படத்தோடு போடுங்கள்.

எஃகு பற்றி ஒரு வரி. கார்பன் எஃகு சாணை பிடிக்கச் சுலபம், ஆனால் கடற்காற்றில் ஒரு ராத்திரியில் துருப் புள்ளி வைத்துவிடும். நம் ஊருக்குத் துருப்பிடிக்காத எஃகே நல்லது. அதுவும் துடைக்காமல் வைத்தால் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவலாம், நாளானால் பிசுபிசுத்துச் சுழலாணியில் அழுக்குச் சேரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரணியல் அண்ணாச்சி எழுதியது:

சுழலாணி வேண்டாம். பழைய மரக்கதவு எதில் சுழலும்? குடுமியில். குடுமி என்றே போடலாம்.

குலசேகரம் தம்பி எழுதியது:

'கத்தியின் குடுமிக்கு எண்ணெய் விடவும்.' சரி அண்ணாச்சி, சும்மா ஆடாதுதான்.

தக்கலை டீச்சர் எழுதியது:

சிரிப்பு இருக்கட்டும், குடுமி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விளக்கப் படம் வரைகிற பையனுக்கே நான் கதவைக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும். சுழலாணி இருக்கட்டும்.

அலகு பற்றி யாரும் பேசவில்லையே? முகாம் சுசீந்திரம்–தேரூர் குளத்தில் தொடங்குகிறது, கையேட்டின் முன்பாதி பறவைகள். அங்கே அலகு என்றால் மூக்கு. அளவீட்டுப் பக்கத்தில் அலகு என்றால் யூனிட். மூன்றாவதாகக் கத்தியிலும் அலகு.

நாகர்கோவில் ஐயா எழுதியது:

இருக்கட்டுமே. கூர்மையாக நீண்டிருப்பதெல்லாம் அலகு. கொக்கின் வாயும் கத்தியின் வாயும் ஒரே குடும்பம். கோயிலில் குத்துகிற அலகும் அதுதான். இலை என்றும் சொல்லலாம், வேலுக்கு இலை உண்டு. ஆனால் கத்தி இலை என்றால் வாழை இலை நறுக்குகிற கத்தியா என்பார்கள். அலகே இருக்கட்டும்.

தாழுக்கு வருகிறேன் என்றேன். பூட்டு என்றால் சாவி வேண்டும். இங்கே சாவி இல்லை, விரல் போதும். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்பதில் உள்ள தாழ்தான் இது. வளையத்தாழ், முதுகுத்தாழ், உள்தகட்டுத்தாழ். தாழ் இல்லாமல் வில் மட்டும் உள்ளது விற்கத்தி.

தோஹாவிலிருந்து மார்த்தாண்டத்துக்காரர் எழுதியது:

விற்கத்தி என்று எழுதினால் 'விற்க கத்தி' என்று படிப்பார்கள் ஐயா. தாழில்லாக் கத்தி என்று நேராகவே போடலாம்.

குலசேகரம் தம்பி எழுதியது:

பெயரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. முகாம் காளிகேசம் பக்கம் போகிறதா? அது இருக்கிற கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008-இல் அறிவிக்கப்பட்டது. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்தில் கத்தியும் வருகிறது. தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. மடங்கினாலும் மடங்காவிட்டாலும் கத்தி கத்திதான். ஆயுதச் சட்டத்தின் விதிகளில் சொல்கிற 9 அங்குல நீளக் கணக்கு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'சின்னக் கத்திதானே' என்று பிள்ளைகள் சோதனைச் சாவடியில் நிற்கக் கூடாது.

தக்கலை டீச்சர் எழுதியது:

தம்பி, இது மூலத்தில் இல்லவே இல்லை. அது வேறு நாட்டுக்காக எழுதியது. தனிக் கட்டமாகச் சேர்க்கிறேன். அனுமதிக் கடிதம் வாங்க மன்றத்தாரிடமும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கத்தியெல்லாம் குளக்கரையோடு நின்றுவிடட்டும்.

இனி வாக்கெடுப்பு. நாளை மாலை வரை.

முட்டம் அண்ணன் எழுதியது:

மடக்குக் கத்தி. தாழ்.

தோஹாவிலிருந்து மார்த்தாண்டத்துக்காரர் எழுதியது:

மடக்குக் கத்தி. இங்கே மணி பதினொன்று, நான் தூங்கப் போகிறேன்.

குலசேகரம் தம்பி எழுதியது:

மடக்குப் பிச்சாத்தி. தோற்றாலும் பரவாயில்லை, பதிவாகட்டும்.

நாகர்கோவில் ஐயா எழுதியது:

மடக்குக் கத்தி, ஒற்றோடு. மடிகத்தி மேல் ஆசை போகவில்லை, ஆனால் அச்சுக்கோப்பவர் மேல் நம்பிக்கை வரவில்லை.

இரணியல் அண்ணாச்சி எழுதியது:

தாழுக்கு ஒப்பு. மடக்குக் கத்திக்கு ஒப்பில்லை. மடக்குவது யார்? நாம். கத்தி மடங்குகிறது, மடக்கவில்லை. அப்படியானால் மடங்குகத்தி என்றுதானே வர வேண்டும்? இதற்கு ஐயா பதில் சொல்லவில்லை.

நாகர்கோவில் ஐயா எழுதியது:

சுடுகாடு யாரைச் சுடுகிறது, அண்ணாச்சி? நாம்தான் அங்கே சுடுகிறோம். வினைத்தொகையில் எழுவாயைத் தேடினால் இப்படித்தான்.

இரணியல் அண்ணாச்சி எழுதியது:

நீங்கள்தான் ஒற்றோடு வாக்குப் போட்டீர்கள். ஒற்று வந்தால் வினைத்தொகை இல்லையே.

தக்கலை டீச்சர் எழுதியது:

ஐயா, அண்ணாச்சி, நீங்கள் இருவரும் தொடருங்கள். மடக்குக் கத்தி, அலகு, சுழலாணி, தாழ் என்று கோப்பை அனுப்பிவிட்டேன். பிச்சாத்தியைச் சொல்லடைவில் சேர்த்திருக்கிறேன் தம்பி, மடக்குக் கத்தியைப் பார்க்க என்று குறிப்போடு. அச்சகத்திலிருந்து முதல் படி வந்திருக்கிறது. நான்கு இடத்தில் 'மடக்குக் கத்தி', மூன்று இடத்தில் 'மடக்கு கத்தி'. திருத்திக்கொண்டிருக்கிறேன்.