திரள்தடுப்பா, திரள்தணிவா? – ரத்தக்கொதிப்பு மாத்திரையும் தட்டணுவும்

அண்ணாச்சி, வணக்கம்.

ரத்தக்கொதிப்புக் கையேட்டின் வரைவில் ‘உறைதல்’ என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. தட்டணு (ரத்தத்திலுள்ள பிளேட்லெட்) ரத்தக்குழாய்ச் சுவரில் பிடிப்பது, தட்டணுவோடு தட்டணு சேர்வது, ஃபைப்ரின் என்ற புரத இழை வலை பின்னுவது எல்லாமே உறைதல்தான். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தடுப்பது இரண்டாவதை. வார்ஃபரின் தடுப்பது மூன்றாவதை. சொல் பிரியாவிட்டால் மருந்தும் பிரியாது.

முதலாவதை ‘ஒட்டல்’, இரண்டாவதைத் ‘திரளல்’ என்போம். ‘உறைதல்’ ஃபைப்ரினுக்கு மட்டும் இருக்கட்டும். பால் உறையும், வெண்ணெய் திரளும். அடுக்களையில் யாரும் இதை மாற்றிச் சொல்வதில்லை. கடைந்தால்தான் வெண்ணெய் திரளும். திரளல் சோதனையிலும் 37 டிகிரி சூட்டில், தட்டணு மிதக்கும் பிளாஸ்மாவைக் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டணுவைத் தூண்டும் ஏடிபி விட்டதும் தட்டணுக்கள் திரண்டு, கலங்கல் தெளியும். ஆகவே, திரளலைக் கொஞ்சம் குறைக்கும் பிரஷர் மாத்திரைகளான அம்லோடிபின், லோசார்டன் பத்தியில் ‘திரள்தடுப்பு’ என்று போடலாமா?

---

தம்பி, ‘திரளல்’ பொருத்தம். ஆனால் பிரஷர் மாத்திரைக்குத் ‘திரள்தடுப்பு’ கூடவே கூடாது.

ஆஸ்பிரின் தட்டணுவின் நொதியை மீளாதபடி முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்ய வழியில்லை; அதன் ஆயுளான 7–10 நாளும் முடக்கம் நீடிக்கும். அது தடுப்பு. லோசார்டன் அப்படியல்ல. அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சின் தட்டணுவைத் தூண்டுவதை அது மறிக்கிறது. ஆய்வகத்தில் தட்டணுவைத் திரளவைக்கும் திராம்பாக்சேனின் ஏற்பியையும் ஓரளவு மறிக்கக் கண்டிருக்கிறார்கள். அம்லோடிபின் பெரும்பாலும் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்கி, மறைமுகமாகத்தான் தட்டணுவை அமைதிப்படுத்துகிறது. அழுத்தம் இறங்குவதே தட்டணுக் கிளர்ச்சியைக் குறைக்கும். இவை எதுவும் ஆஸ்பிரினுக்கு ஈடாகா. ‘திரள்தணிவு’ என்று எழுது.

அச்சம் இதுதான். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிப்போகும் பெரியவர் ‘தடுப்பு’ என்று படித்தால், பெரிய அறுவைக்கு முன் குளோபிடோகிரெலை 5 நாள் நிறுத்தச் சொன்னதைப் பல் பிடுங்கும்போது இதற்கும் பொருத்திக்கொள்வார். மாத்திரை நின்று அழுத்தம் ஏறினால், பிடுங்கிய குழியில் ரத்தம் எளிதில் நிற்காது. அடினோலோல் என்ற பிரஷர் மாத்திரையைத் திடீரென விட்டால் இதயத்துக்கே ஆபத்து. அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தடித்த ஈறில் அழுக்கு சேர்ந்து ரத்தம் கசியும். அதையும் ‘ரத்தம் நீர்த்துப்போச்சு’ என்பார்கள். கையேட்டில் இதற்குத் தனி வரி வேண்டும்.

---

அண்ணாச்சி, ‘திரள்தணிவு’ எனக்கும் சம்மதம். ஆய்வகப் பக்கத்திலிருந்து இன்னொன்று.

எண்ணிக்கையும் செயலும் வேறு. சிறுநீரைப் பெருக்கி அழுத்தம் குறைக்கும் தயசைடு மாத்திரை அரிதாகத் தட்டணு எண்ணிக்கையையே குறைக்கும். அதைத் ‘தட்டணுக்குறை’ என்போம். டெங்குவால் ஊருக்கே தெரிந்த சொல், குழப்பம் வராது. ஈடிடிஏ என்ற உறைதடுப்பான் உள்ள ஊதா மூடி ஆய்வகக் குழாயில் மட்டும் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கருவி குறைத்து எண்ணும். இதற்குக் ‘குழாய்த்திரள்’ என்று தனிச்சொல் தரலாம். கண்ணாடித்தகட்டில் பூசிப் பார்த்து, சிட்ரேட் (இன்னொரு உறைதடுப்பான்) குழாயில் மறுபடி எடுத்து, அந்தக் கரைசல் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். அது செய்யாமல் மாத்திரையைக் குறைசொல்லக் கூடாது.

திரளல் சோதனைப் பதிவில் மாதிரி எடுக்கும் முறையும் சேரட்டும்: 3.2% சிட்ரேட் 1 பங்கு, ரத்தம் 9 பங்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிகுந்து, திரளல் பொய்யாகக் குறையும். ரத்தம் எடுக்கக் கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கினால் தட்டணு அங்கேயே கிளர்ந்துவிடும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நோயாளி முந்தைய 10 நாளில் ஆஸ்பிரின், வலிமாத்திரை எடுத்தாரா என்று படிவத்திலேயே ஒரு கட்டம் போடுங்கள்.