நிக்கான் டி700, கேனான் 5டி மார்க் 2: மேடை நாடகப் படங்களுக்கு எது பொருந்தும்?

மேடைநிழல்:

அனைவருக்கும் வணக்கம். நாடகக் குழு ஒன்றின் ஒத்திகைகளையும் அரங்க நிகழ்ச்சிகளையும் தொடர்ந்து படமெடுத்து வருகிறேன். என்னிடமுள்ள சிறிய சென்சார் கேமராவில் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டினாலே நிழற்பகுதிகள் முழுவதும் புள்ளிகள் அப்பிக்கொள்வதால், முழுச்சட்டக (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள) சென்சார் கொண்ட பழைய கேமரா ஒன்றை வாங்க விரும்புகிறேன். நிக்கான் டி700, கேனான் 5டி மார்க் 2 இரண்டும் நல்ல நிலையில் கிடைக்கின்றன. இரண்டும் 2008-இல் அறிமுகமானவை.

அரங்க வாயிலில் வைப்பதற்காகக் குழுவினர் சில படங்களைப் பெரிதாக அச்சிட்டுத் தரக் கேட்பதால், 12.1 மெகாபிக்சல் நிக்கானைவிட 21.1 மெகாபிக்சல் கேனான் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் என் தந்தை பயன்படுத்திய 50 மி.மீ., 105 மி.மீ. நிக்கார் (நிக்கான் தயாரிப்பு) லென்ஸ்கள் என்னிடம் இருக்கின்றன. இரண்டும் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டியவை. இவற்றைக் கைவிட எனக்கு மனமில்லை. இவற்றோடு 85 மி.மீ. ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் ஒன்றும் வாங்குவேன். வீடியோ தேவையில்லை. இரண்டையும் கையாண்டவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வெளிச்சக்கீற்று:

இரண்டையும் சில ஆண்டுகள் பயன்படுத்தியவன் என்ற முறையில், உங்கள் தேவைக்கு டி700 என்றே சொல்வேன். முதற்காரணம் ஃபோகஸ். 5டி மார்க் 2-இல் தெரிவு செய்யக்கூடிய ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்குவகை (கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் உணர்வது). ஓரப் புள்ளிகள் மங்கிய ஒளியில் தடுமாறும். அதனால் நடுப்புள்ளியில் நடிகரின் கண்ணைப் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டகத்தை அமைக்கும் பழக்கம் வந்துவிடும். லென்ஸின் ஒளித்துளையை அகலத் திறந்து எஃப்/1.8-இல் அப்படித் திருப்பும்போதே கூர்மை கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. அதற்குள் நடிகரும் ஓரடி நகர்ந்திருப்பார். டி700-இல் 51 புள்ளிகள், அவற்றில் 15 குறுக்குவகை. முகம் இருக்கும் இடத்துக்குப் புள்ளியைக் கொண்டுபோகலாம்.

மெகாபிக்சல் வேறுபாடு எண்ணில் தெரியும் அளவுக்கு அச்சில் தெரியாது. கேனான் படத்தின் அகலம் 5616 பிக்சல், நிக்கானுடையது 4256. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால் முன்னதற்கு ஏறத்தாழ 18.7 அங்குல அகலமும் பின்னதற்கு 14.2 அங்குலமும் கிடைக்கும். வாயிலில் சில அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 180 புள்ளிகளே போதும் என்பதால், 23 அங்குலம் வரை டி700 தாராளமாகத் தாங்கும். மாறாக, 5டி மார்க் 2-இன் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பில்) இருண்ட பகுதிகளை ஒளியூட்டி எடுத்தால் கோடு கோடாகப் பட்டைகள் தோன்றுவதுண்டு. மேடைப் படத்தில் பாதிச் சட்டகம் இருளாகவே இருக்கும் என்பதால் இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை.

மௌனராகம்:

மேலே சொன்னவை சரி. ஆனால் டி700-இன் ஷட்டர் ஓசையை யாரும் குறிப்பிடவில்லையே? அதில் அமைதி முறை கிடையாது. வசனமே இல்லாத ஒரு காட்சியில் முன்வரிசையில் அமர்ந்து நான் ஒருமுறை படமெடுத்தபோது, மேடையிலிருந்த நடிகர் திரும்பிப் பார்த்தார். அன்று எனக்கு உண்டான வருத்தம் இன்னும் நீங்கவில்லை. 5டி மார்க் 2-இல் லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறையில்) ஓசை குறைந்த முறை உண்டு. ஃபோகஸைக் கையால் அமைப்பவருக்குத் திரையில் உருப்பெருக்கிப் பார்க்கவும் அதுவே வசதி. பார்வையாளர்களுக்கு நடுவே அமர்ந்து எடுப்பதாக இருந்தால் நான் கேனானையே தேர்வேன்.

பழையகண்ணாடி:

லென்ஸ்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லென்ஸின் அப்பெர்ச்சர் (ஒளித்துளை) அளவை அதன் வளையத்தின் வழியே கேமராவுக்குத் தெரிவிக்கும் ஏஐ முறையை நிக்கான் 1977-இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத லென்ஸை டி700-இல் பொருத்தினால், அப்பெர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பு கேமராவிலுள்ள சிறு நெம்புகோலில் இடித்து அதை உடைத்துவிடக்கூடும். அப்பெர்ச்சர் வளையத்தைப் பாருங்கள்: பெரிய எண்களுக்குப் பின்னால் இன்னொரு வரிசையாகச் சிறிய எண்கள் இருந்தால் அது ஏஐ வகை. அத்தகைய லென்ஸின் குவியத்தொலைவையும் அதிகபட்ச அப்பெர்ச்சரையும் மெனுவில் பதிந்துவிட்டால் டி700 ஒளியைச் சரியாக அளக்கும். வியூஃபைண்டரில் ஃபோகஸ் சரியானதைக் காட்டும் பச்சைப் புள்ளியும் வேலை செய்யும்.

கேனானில் உங்கள் நிக்கார் லென்ஸ்கள் இரண்டும் அடாப்டருடன் (இணைப்பு வளையத்துடன்) பொருந்தும். நிக்கானில் லென்ஸ் வளையத்திலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ.; கேனானில் 44 மி.மீ. அந்த 2.5 மி.மீ. இடைவெளியில் அடாப்டர் அமர்ந்துகொள்வதால் தொலைதூர ஃபோகஸும் கெடாது. ஆனால் அப்பெர்ச்சரை நீங்களே மூடித் திறக்க வேண்டும். மூடினால் வியூஃபைண்டர் இருண்டுவிடும்.

மேடைநிழல்:

வளையங்களைப் பார்த்தேன். 50 மி.மீ. லென்ஸில் இரண்டு வரிசைகள் உள்ளன. 105-இல் ஒரு வரிசைதான். நீங்கள் சொல்லாதிருந்தால் முதல் நாளே அதைத்தான் பொருத்தியிருப்பேன். ஓசை குறித்த கவலை நியாயமானது. நான் பெரும்பாலும் ஒத்திகைகளில்தான் எடுக்கிறேன். நிகழ்ச்சி நாளில் பின்வரிசைக்குப் போய்விடலாம். டி700 வாங்கும் எண்ணம் உறுதியாகிறது. 105-ஐ என்ன செய்வது?

பழையகண்ணாடி:

லென்ஸ் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, வளையத்தின் பின்விளிம்பைத் தேவையான அளவுக்கு மட்டும் கடைந்து ஏஐ வகையாக மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடியைத் தொடவேண்டிய வேலை அல்ல. அதுவரை 50 மி.மீ.-ஐ மட்டும் பயன்படுத்துங்கள். கேமராவை வாங்குமுன் ஒரு படமெடுத்து, கோப்பின் தகவலில் ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். டி700-இன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. எஃப்/16-இல் வெள்ளைச் சுவரையும் ஒரு படம் எடுத்தால் சென்சாரின் அழுக்கு தெரிந்துவிடும்.