'ரிடன்டன்சி'க்கு 'மிகைமை' வேண்டாம்: 'இணைக்காப்பு' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

விமான உணரிகள் (சென்சார்கள்) பற்றிய கட்டுரைக்காக 'ரிடன்டன்சி'யை, அதாவது ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வைத்திருப்பதை, 'மிகைமை' என்று எழுதலாம் என நேற்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மிகை என்றாலே வேண்டாத கூடுதல் என்றுதான் காதில் விழுகிறது. இலக்கணத்திலும் மிகைபடக் கூறல் ஒரு குற்றம். விமானத்தின் இரண்டாவது உணரி அப்படி வேண்டாததா?

2018 அக்டோபர் 29 அன்று ஜாவா கடலில் விழுந்த லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று காட்டும் தாக்குகோண உணரிகள் அதில் இரண்டு இருந்தன. ஆனால் மூக்கைக் கீழே தள்ளும் எம்காஸ் மென்பொருள் ஒன்றின் பேச்சை மட்டுமே கேட்டது. அந்த இடப்பக்க உணரி சுமார் 21 பாகை தவறாகக் காட்டியது. 189 பேர் இறந்தார்கள். ஐந்து மாதத்துக்குள் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் விழுந்து மேலும் 157 பேர். அப்புறம்தான் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு அதிகமானால் எம்காஸ் ஒதுங்கிக்கொள்ளும்படி மாற்றினார்கள்.

'மாற்று உணரி' என்ற யோசனையும் பொருந்தாது. அது ஸ்டெப்னி மாதிரி, பஞ்சர் ஆகும்வரை டிக்கியில் கிடக்கும். இங்கே எல்லா உணரிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன, ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கிறோம். அதனால் 'இணைக்காப்பு' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

*

வணக்கம் ஐயா.

இணைக்காப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. 2008 நவம்பரில் பிரான்சின் பெர்பின்யான் அருகே ஓர் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் மூன்று தாக்குகோண உணரிகளில் இரண்டுக்குள் தண்ணீர் புகுந்து உறைந்துவிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டியதால், சரியாகச் சொன்ன மூன்றாவதைக் கணினிகள் தள்ளிவிட்டன. தாழ்வான உயரத்தில் வேகத்தைக் குறைத்துச் சோதித்தபோது, விமானம் தூக்குவிசையை இழக்காமல் கைகொடுக்க வேண்டிய தானியங்கிப் பாதுகாப்பு இல்லாமல் போய், விமானத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

ஒரே வகை உணரிகளுக்கு ஒரே பலவீனம்தான் இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் அது தீராது. வேகத்தைக் காற்றழுத்தத்தை உணரும் பிடாட் குழாயில் அளப்பதோடு, தாக்குகோணத்தையும் விமானத்தின் எடையையும் வைத்துத் தனியாகக் கணக்கிட்டும் பார்க்கிறார்களே, அதற்கு வேறு பெயர் வேண்டும். 'வேறுவழிக் காப்பு' என்று சொல்லலாமா? சரி என்றால் இரண்டு சொற்களையும் சேர்த்தே கலைச்சொல் பட்டியலில் ஏற்றுங்கள்.