தம்பி மேல் ‘பணி செய்யவிடாமல் தடுத்த’ வழக்கு: ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா?

தெற்குத்தெருக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஸ்டேஷன் பெயரை இப்போதைக்குச் சொல்லவில்லை, காரணம் புரியும்.

போன மாசம் என் தம்பி (23 வயது, குரூப் 4க்குப் படிக்கிறான்) கோயில் கொடை பார்த்துவிட்டு ராத்திரி பத்தரை மணிக்கு பைக்கில் வரும்போது வண்டிச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஹெல்மெட் இல்லை, அது இவன் தப்புதான், அபராதம் போடுங்கள் என்று இவனே சொல்லியிருக்கிறான். பணத்தை வாங்கிக்கொண்டவரிடம் ரசீது கேட்டதுதான் வினை. “எங்கிட்டயே ரசீதா லே” என்று ஒரு அறை. இவன் போனை எடுத்து வீடியோ பிடிக்கப் பார்க்க, போனைப் பிடுங்கி, ஜீப்பில் ஏற்றி, ஸ்டேஷனில் வைத்து லத்தியால் அடித்திருக்கிறார்கள். இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு.

எஃப்.ஐ.ஆரில் இருப்பது வேறு கதை. காவலரைக் கெட்ட வார்த்தையில் திட்டி, சட்டையைப் பிடித்து இழுத்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டி, தப்பி ஓடும்போது பாலத்துச் சுவரில் இருந்து விழுந்து கை முறிந்ததாம். போட்டிருக்கும் பிரிவுகள் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 296(பி) கெட்ட வார்த்தைக்கு, 132 பணியைத் தடுத்ததற்கு, 351(3) கொலை மிரட்டலுக்கு. அந்தப் பாலத்துச் சுவர் என் முழங்கால் உயரம்கூட இருக்காது.

பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். இப்போது ஸ்டேஷனில் இருந்து ஒருத்தர் அப்பாவிடம் வந்து, “கோர்ட்டில் ஒத்துக்கிடச் சொல்லுங்க அண்ணாச்சி, அபராதத்தோடு முடிஞ்சிரும், இல்லன்னா பையன் நாலு வருஷம் வாய்தாவுக்கு அலையணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அதுதான் சரி என்று படுகிறது. தம்பி யாரிடமும் பேசுவதில்லை. என்ன செய்ய?

பாளை குமாஸ்தா:

ஒத்துக்கொள்ளவே கூடாது தம்பி. முதலில் அப்பாவை உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள்: அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான். நாளைக்கு குரூப் 4 பாஸாகி வேலைக்குச் சேரும்போது போலீஸ் விசாரணை வரும், அந்தப் படிவத்தில் தண்டனை உண்டா என்று கேட்பார்கள். அதைவிட முக்கியம், ‘ஆமாம், நான் சட்டையைப் பிடித்தேன், ஓடினேன்’ என்று ஒத்துக்கொண்ட பிறகு கையை உடைத்தார்கள் என்று எந்த வாயால் புகார் சொல்ல முடியும்? அபராதத்தோடு முடிந்துவிடும் என்று அவர் சொன்னாரே, முடியப்போவது அவருடைய பிரச்சினை.

வக்கீல் ஆபீஸில் இருபது வருஷமாகக் கேஸ் கட்டு சுமக்கிறேன். இந்த மூன்று பிரிவும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். பழைய ஐ.பி.சி.யில் 294(பி), 353, 506(2) என்று இருந்தது, 2024 ஜூலை 1க்குப் பிறகு எண் மட்டும் மாறியிருக்கிறது. நடுவில் இருக்கும் 132தான் ‘பணி செய்யவிடாமல் தடுத்தல்’, அதற்கு ஜாமீன் கேட்டு கோர்ட்டுக்குப் போயாக வேண்டும், அதனால்தான் அதைச் சேர்ப்பது. ஆனால் அந்தப் பிரிவு நிற்க வேண்டும் என்றால் தாக்கியிருக்க வேண்டும், இல்லை பலப்பிரயோகம் செய்திருக்க வேண்டும். ரசீது கேட்பதும் எதிர்த்துப் பேசுவதும் அதில் வராது. பெங்களூரு போக்குவரத்து போலீசின் ஃபேஸ்புக் பக்கத்தில் திட்டி எழுதியவர்கள் மேல் இதே 353 போட்டதை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, மாணிக் தனேஜா வழக்கு என்று உங்கள் வக்கீலிடம் சொன்னால் தெரியும்.

இன்னொன்று. மூன்று பிரிவிலும் அதிகபட்ச தண்டனை ஏழு வருஷத்தைத் தாண்டவில்லை. இந்த மாதிரி வழக்கில் நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்வதுதான் முறை, கைது செய்தால் ஏன் அவசியம் என்று எழுதிக் காட்ட வேண்டும் (2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு). அந்தக் காரணத் தாளில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து போட்டது யார் என்பதையும் பாருங்கள்.

ஏட்டு (ஓய்வு):

முப்பத்தி நாலு வருஷம் காக்கி போட்டவன். நான் சொல்வது சில பேருக்குப் பிடிக்காது.

நிஜமாகவே சட்டையைப் பிடிக்கிறவனும் உண்டு, குடித்துவிட்டுக் கல்லெறிகிறவனும் உண்டு. எனக்கே கொடை பந்தோபஸ்தில் மண்டை உடைந்து நாலு தையல். எல்லா 132ம் பொய் என்று எழுதாதீர்கள்.

ஆனால் நிஜமாக அடி வாங்கிய போலீஸ்காரன் முதலில் போகிற இடம் ஆஸ்பத்திரி. காயச் சான்று வாங்காமல் இருக்கவே மாட்டான். உங்கள் கேஸில் தம்பி சட்டையைப் பிடித்து இழுத்ததாக எழுதியிருக்கிறார்களே, அந்தக் காவலருக்குச் சான்று இருக்கிறதா? கிழிந்த சட்டையைக் கைப்பற்றி கோர்ட்டில் ஒப்படைத்தார்களா? இரண்டும் இல்லையென்றால் கதை ஸ்டேஷன் எழுத்தரின் மேஜையில் எழுதியது. அப்புறம் எஃப்.ஐ.ஆர். போட்ட நேரம், மாஜிஸ்திரேட் கைக்கு அது போய்ச் சேர்ந்த நேரம், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நேரம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டு முதலில், எஃப்.ஐ.ஆர். பின்னால் என்று இருந்தால் வக்கீலுக்கு அதுவே போதும்.

நாலு வருஷம் அலையணும் என்று சொன்னது மட்டும் பொய் இல்லை. அலையத்தான் வேண்டும்.

பொருநைக்கரை அக்கா:

தப்பி ஓடி விழுந்தான், பாத்ரூமில் வழுக்கினான் என்பதை எல்லாம் மாவுக்கட்டுப் படம் போட்டு மீம் ஆக்கிச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புதான் இவர்களுக்குத் தைரியம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் மேல் போட்ட எஃப்.ஐ.ஆரிலும் இதே 353, 294(பி), 506(2) இருந்தது. தரையில் உருண்டு புரண்டதில் உள்காயம் பட்டது என்று அதில் எழுதியிருந்தார்கள். 22ஆம் தேதி மகன் இறந்தார், 23ஆம் தேதி அப்பா இறந்தார். நம் பக்கத்திலேயே அம்பாசமுத்திரத்தில் 2023 மார்ச்சில் விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பல்லைப் போலீஸ் பிடுங்கியதாகப் புகார் வந்ததும் நினைவிருக்கும்.

அதனால் கேமராவை விட்டுவிடாதீர்கள். ஸ்டேஷனில் சிசிடிவி வைக்க வேண்டும், பதிவை 18 மாசம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாத்தான்குளத்தில் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். நாள், நேரம் போட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி இந்த வாரமே கோர்ட்டில் மனு போடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள், ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும், தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பிடுங்கிய போனைக் கைப்பற்றிய பொருள் பட்டியலில் காட்டியிருக்கிறார்களா?

தெற்குத்தெருக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. காகிதத்தை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். போன் பட்டியலில் இல்லை. காவலருக்குக் காயச் சான்றும் இல்லை. ஏட்டையா சொன்ன நேரக் கணக்கு: கட்டுப் போட்டது ராத்திரி 1.40, எஃப்.ஐ.ஆர். காலை 6 மணி.

ஒரு சிக்கல். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் ‘கீழே விழுந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்றுதான் இருக்கிறது. டாக்டர் கேட்டபோது அடித்தவரே பக்கத்தில் நின்றாராம், இவன் வாயைத் திறக்கவில்லை. ரிமாண்டுக்குக் கூட்டிப்போனபோது மாஜிஸ்திரேட் “போலீஸ் மேல் புகார் உண்டா” என்று கேட்டதற்கும் இல்லை என்று தலையாட்டியிருக்கிறான். ஜீப்பிலேயே சொல்லிக் கூட்டிப்போனார்களாம்.

பாளை குமாஸ்தா:

எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் தலையாட்டுகிறார்கள், அவனைத் திட்டாதீர்கள். ஜெயிலுக்குள் எடுக்கும்போது ஒரு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கும், அங்கே ஸ்டேஷன் ஆள் பக்கத்தில் நின்றிருக்க வாய்ப்பு குறைவு. அதில் முதுகிலோ தொடையிலோ லத்தித் தடம் குறித்திருந்தால் பாலத்துச் சுவர் கதை அங்கேயே உடையும், விழுந்தவனுக்குத் தொடையின் பின்பக்கம் வரிவரியாகத் தடம் வராது. அந்தப் பதிவின் நகலுக்கு வக்கீலை விட்டு மனு போடச் சொல்லுங்கள். உள்ளே போகும்போது யாராவது சட்டையைக் கழற்றிப் பார்த்தார்களா என்று தம்பியிடம் கேட்டீர்களா?

தெற்குத்தெருக்காரன்:

இப்போதுதான் கேட்டேன். பார்த்தார்களாம். என்னமோ எழுதவும் செய்தார்களாம். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். காலையில் வக்கீலைப் பார்க்க நானும் வருகிறேன் என்றார்.